டப்பா கிடைத்தது, புனிதர் கிடைக்கவில்லை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் போய் மூன்று நாள் டப்பா தேடிவிட்டு வந்திருக்கிறேன். கால் வலி இன்னும் போகவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார், நாம் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய், உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததை அமெரிக்கா 2000 மே மாதம் நிறுத்தியதும், மே 3 அன்றே ஆரிகனில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அங்கே லிஸ்கேர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கார்ன்வால் புனிதர்களின் பெயரில் ஒரு டப்பாத் தொடர் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரே குஷி. அந்த மண்ணின் புனிதர்கள் அப்படி. பாதிப் பேருக்கு ரோமில் முறையாகப் பட்டம் கொடுத்த பதிவே கிடையாது, ஊர் மக்களாகப் பார்த்துப் புனிதராக்கியவர்கள். ஊர்ப்பெயரே அவர்கள் பெயர்தான். அயர்லாந்திலிருந்து ஓர் இலையில் மிதந்து வந்த இயாவின் ஊர் செயின்ட் ஐவ்ஸ். கழுத்தில் திரிகைக் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியும் முழுகாமல் கரை சேர்ந்தவர் பிரான், தகரச் சுரங்கத் தொழிலாளிகளின் காவலர். (எம்பிரான் என்று காதில் விழுகிறதே என்று கேட்காதீர்கள், சம்பந்தம் எதுவும் இல்லை.) கார்ன்வாலின் கறுப்புக் கொடியும் வெள்ளைச் சிலுவையும் அவருடையதுதான், திருநாள் மார்ச் 5.

ஆனால் முதல் நாள் நடந்தது என்னவென்றால், பிரான் பெயர் போட்ட டப்பா ஒரு வேலிக் கம்பத்தின் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய சிற்றாலயம் வட கரையில் பெரன்போர்த் மணல்மேட்டில் இருக்கிறது, மணலில் புதைந்து 2014இல் மறுபடி தோண்டி எடுத்தார்கள். அவருக்கும் இந்தக் கம்பத்துக்கும் என்ன உறவு? இயா டப்பா ஒரு கால்நடைக் கேட்டில். பெட்ராக் டப்பா ஒரு வளைவுச் சாலை அறிவிப்புப் பலகையில். இரண்டு டப்பாவுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது விளையாட்டின் விதி, அதை அளந்து அளந்து நட்டுக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறும், வேறு ஒன்றும் நடக்காது. என்னோடு வந்த என் கணவர் அன்று மதியத்துக்குள் பதினாறு பெயரெழுத்து போட்டுவிட்டார், சாயங்காலம் அவரிடம் பெட்ராக் யார் என்று கேட்டேன், "அந்த ஈரக் காகிதம்தானே?" என்றார்.

பெட்ராக்கின் கதையைத் தெரிந்த ஒருவர் அந்தப் பலகையில் டப்பா வைத்திருக்க மாட்டார் என்பதுதான் எனக்குக் கோபம். 1177இல் அவருடைய எலும்புகளை போட்மின் ஊரிலிருந்து ஒரு துறவியே திருடிக்கொண்டு, இன்றைய பிரான்ஸில் இருக்கும் பிரிட்டனிக்குப் போய்விட்டார், அரசர் இரண்டாம் ஹென்றி தலையிட்ட பிறகுதான் திரும்பி வந்தன. அவை திரும்பி வந்த தந்தப் பேழை இன்றும் போட்மின் தேவாலயத்தில் இருக்கிறது. தேடல் விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிலர் எதிர்ப்பக்கம் பேசுவார்கள், கோவில் வாசலில் என்ன விளையாட்டு என்று. கல்லறைச் சுவரைக் கையால் துழாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும், அது தப்பு, அனுமதி வாங்காமல் வைப்பதும் தப்பு. அனுமதியில்லாமல் தோண்டிப் புதைக்கக் கூடாது, மதப் பிரசாரம் கூடாது என்றெல்லாம் ஏற்கெனவே விதி இருக்கிறது. ஆனால் வாசலுக்கே வராத ஆள் ஒரு டப்பாவுக்காகவாவது வருகிறானே, அவனை உள்ளே எட்டிப் பார்க்க வைப்பது டப்பா வைத்தவரின் சாமர்த்தியம். பிரிட்டன் முழுக்க தேவாலயங்களை ஒட்டி 'சர்ச் மைக்ரோ' என்று ஆயிரக்கணக்கில் டப்பாக்கள் இருக்கின்றன, நல்லதாக அமைந்தவற்றில் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துக் கல்வெட்டில் உள்ள வருடத்தைக் கூட்டிக் கழித்தால்தான் அடுத்த இடம் தெரியும்.

அப்படி ஒன்று இரண்டாம் நாள் கிடைத்தது, செயின்ட் நியாட் ஊரில். அங்குள்ள தேவாலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் பேர்போனவை. ஒரு சன்னலில் நியாட்டின் கதை: கிணற்றில் எப்போதும் மீன் இருக்கும், நாளைக்கு ஒன்றுதான் எடுக்கலாம் என்பது தேவதூதர் சொன்ன நிபந்தனை, அவர் நோயில் கிடந்தபோது வேலைக்காரன் பாசத்தில் இரண்டைச் சமைத்துக் கொண்டுவர, அவர் பதறிப்போய்த் திரும்பக் கிணற்றில் விடச் சொல்கிறார், சமைத்த மீன் நீந்திப் போகிறது. விடைக்காக மீன்களை எண்ணப் போனவள், எண்ணாமல் கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். கழுத்து பிடித்துக்கொண்டது. டப்பா பிறகு வெளியே, ஊரைத் தாண்டி ஒரு கல் மதிலில், பழைய ஃபிலிம் ரோல் டப்பாவாகக் கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காது.

இப்படி ஏழெட்டு டப்பா போதுமே. ஒரு தொடருக்கு நாற்பது எதற்கு?

கடைசி நாள் செயின்ட் கீன் கிணறு. ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சாலையோரம் சின்னக் கல் வளைவு, உள்ளே இருட்டில் கொஞ்சம் தண்ணீர், மேலெல்லாம் பாசி. கல்யாணம் ஆன ஜோடியில் யார் முதலில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாரோ அவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்று நம்பிக்கை. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணைக் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடினான், அவளோ பாட்டிலில் தண்ணீரைக் கோவிலுக்கே கொண்டுபோயிருந்தாள் என்று ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. டப்பாவைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் பேனா எழுதவில்லை என்று உதறி உதறிக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாயெல்லாம் ஏன் ஈரம்?" என்று கேட்டார்.