24-க்கு 6 என்று சிரிப்பவர்களுக்கு

அமெரிக்கக் கூடைப்பந்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ் என்று பேச்சு எடுத்தால் போதும், யாராவது ஒருத்தர் அந்த ஒற்றைக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். 24-க்கு 6. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் 2010 ஃபைனல்ஸில், நான்கு ஆட்டம் ஜெயித்தவருக்குக் கோப்பை என்ற தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில், லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் 24 ஷாட் அடித்து 6 மட்டும்தான் உள்ளே போட்டார். "இவரையா ஜாம்பவான் என்கிறீர்கள்?" என்று ஒரு சிரிப்பு ஸ்டிக்கர். அதற்குக் கீழே இன்னொருவர் வந்து, "அதெல்லாம் ஒரு ஃபைனலா, ரெண்டு டீமும் போர்டு மேல பந்தை எறிஞ்சுக்கிட்டு இருந்தானுங்க" என்று ஒத்து ஊதுவார்.

நான் லேக்கர்ஸ் கட்சி. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இது கோபிக்கு வக்காலத்து வாங்கும் பதிவு இல்லை. கடைசி வரை படித்தால் கோபி ரசிகர்களே என்னை அடிக்க வருவார்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அந்தத் தொடரை முடிவு செய்தது உள்ளே விழுந்த பந்துகள் இல்லை, விழாத பந்துகள். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் அதிகம் எடுத்தார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஒரு ஆட்டத்தில் மட்டுமல்ல, ஏழு ஆட்டத்திலும்.

நம்ப முடியாதவர்கள் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். முதல் ஆட்டம், ரீபவுண்டு 42-31, லேக்கர்ஸ் வெற்றி. இரண்டாவது 44-39, செல்டிக்ஸ். மூன்றாவது 43-35, லேக்கர்ஸ். நான்காவது 41-34, செல்டிக்ஸ். ஐந்தாவதில் கோபி 38 பாயிண்ட் போட்டார், ஆனால் ரீபவுண்டில் 35-34 என்று ஒரே ஒரு பந்து முன்னால் நின்ற செல்டிக்ஸ்தான் 92-86 என்று ஜெயித்தது. ஆறாவது 52-39, ஏழாவது 53-40, இரண்டும் லேக்கர்ஸ். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் செல்டிக்ஸின் ரே ஆலனைத்தான் பேசுவார்கள். எட்டு த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து அடிக்கும் மூன்று பாயிண்ட் ஷாட்), அன்றைக்கு ஃபைனல்ஸ் சாதனை. சரி, அடுத்த ஆட்டத்தில் அதே ரே ஆலன்? 13 ஷாட் அடித்து ஒன்றுகூட விழவில்லை. ஷாட் என்பது இப்படித்தான், இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. அதை நம்பி ஒரு தொடரை விளக்க முடியாது.

இந்த இரண்டு டீமுக்கும் நடுவில் என்ன பகை என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2010-க்கு முன்னால் 11 ஃபைனல்ஸில் மோதியிருக்கிறார்கள். ஒன்பதில் செல்டிக்ஸ் வெற்றி. 1959-லிருந்து 1984 வரை எட்டுத் தடவை மோதி எட்டிலும் லேக்கர்ஸ் தோற்றது. 1985-லும் 1987-லும் மேஜிக் ஜான்சன் காலத்தில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏழாவது ஆட்டம் வரை போன தொடர்கள் நான்கு: 1962, 1966, 1969, 1984. நான்கிலும் கோப்பை பாஸ்டனுக்கே போனது.

அதில் 1969 தனிக் கதை. ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில். ஜெயிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் லேக்கர்ஸ் முதலாளி ஜாக் கென்ட் குக், அரங்கத்தின் கூரையில் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பலூனை நிரப்பி வைத்திருந்தார். செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் அதை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம், கோச்சும் அவரே. செல்டிக்ஸின் டான் நெல்சன் அடித்த ஒரு பந்து ரிங்கின் பின்பக்கம் பட்டு, மேலே எகிறி, திரும்பி நேராக உள்ளே விழுந்தது. 108-106. பலூன் கூரையிலேயே தங்கிவிட்டது. லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட் 42 பாயிண்ட், 13 ரீபவுண்டு, 12 அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போட உதவிய பாஸ்) எடுத்தும் தோற்றார். அந்த வருடம்தான் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதை முதன்முதலாகக் கொடுத்தார்கள், அதையும் வெஸ்டுக்கே கொடுத்தார்கள். தோற்ற டீமிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பரிசாகக் கிடைத்த கார் பச்சை நிறம். செல்டிக்ஸ் கலர்! இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் உண்டா?

1984-ஐயும் விட மனசில்லை. பாஸ்டன் கார்டன் அரங்கத்தில் ஏ.சி. கிடையாது. ஐந்தாவது ஆட்டத்தன்று உள்ளே 36 டிகிரி. லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் பெஞ்சில் உட்கார்ந்து ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்கொண்டார். (நம் ஊர்ப் பிள்ளைகள் மே மாதம் மத்தியானம் சிமெண்டுக் கோர்ட்டில் ஆடுவதை அவர்களுக்கு யாராவது காட்டியிருக்கலாம். ஆனால் 37 வயதில் ஃபைனல்ஸ் ஆடுவது வேறு விஷயம், ஒப்புக்கொள்கிறேன்.)

இந்த மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டுதான் 2008-ல் கோபியின் டீம் பாஸ்டனிடம் போய் ஆறாவது ஆட்டத்தில் 131-92 என்று அடி வாங்கியது. அதில் அதிகம் பழி சுமந்தவர் பாவ் காசோல். ஸ்பெயின்காரர், கை சுத்தம், பாஸ் அழகு, ஆனால் செல்டிக்ஸின் கார்னெட்டும் பெர்கின்ஸும் தோளைப் போட்டுத் தள்ளினால் நகர்ந்துவிடுகிறார் என்று அமெரிக்காவே பேசியது. 'சாஃப்ட்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

இனி 2010, ஜூன் 17, அந்த ஏழாவது ஆட்டம். நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பல் தேய்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் குவார்ட்டர் 23-14, செல்டிக்ஸ் முன்னிலை. பாதி ஆட்டத்தில் 40-34. மூன்றாவது குவார்ட்டரில் 49-36, பதின்மூன்று பாயிண்ட் பின்னால். கோபி அடித்ததெல்லாம் வெளியே. அவசரம் அப்பட்டமாகத் தெரிந்தது. அவரே பிற்பாடு ஒப்புக்கொண்ட விஷயம்தான், ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவர் கையையே கட்டிப்போட்டது. லேக்கர்ஸ் அன்றைக்கு மொத்தமாக 83 ஷாட் அடித்து 27 போட்டது. 32.5 சதவீதம். செல்டிக்ஸ் 71-க்கு 29. அதாவது செல்டிக்ஸ்தான் நன்றாகக் குறி பார்த்தது, த்ரீயும் அவர்களுக்குத்தான் அதிகம் விழுந்தது. ஆனாலும் 83-79, லேக்கர்ஸ்.

எப்படி? அந்த 83-க்கும் 71-க்கும் நடுவில் இருக்கிற பன்னிரண்டைப் பாருங்கள். தவறிய தங்கள் பந்தைத் தாங்களே திரும்ப எடுத்தது லேக்கர்ஸ் 23 தடவை, செல்டிக்ஸ் 8 தடவை. இருபத்து மூன்று தடவை செல்டிக்ஸ் சரியாக டிஃபென்ஸ் ஆடி, ஷாட்டைத் தவற வைத்து, அப்பாடா என்று மூச்சு விடும்போது பந்து மறுபடியும் மஞ்சள் சட்டைக்காரன் கையில். கால் சோர்ந்துபோவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஸ்கூல் டீமில் ஆடியவர்களுக்குத் தெரியும், எங்கள் பி.டி. மாஸ்டர் ஷாட் ப்ராக்டீஸைவிட அதிகமாகக் கத்தியது 'பாக்ஸ் அவுட்'டுக்குத்தான். "பந்தைப் பாக்காதடா, ஆளைப் புடி." பந்து மேலே போன நிமிஷத்தில் பின்னால் நிற்பவனை முதுகால் அடைக்க வேண்டும். இடுப்பை இறக்கி, கையை விரித்து, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. கைதட்டு கிடைக்காது, விலாவில் முழங்கை கிடைக்கும். அதனால்தான் யாரும் அதை ரீல்ஸில் போடுவதில்லை.

அந்தக் காலையில் அந்த வேலையைச் செய்தது யார்? காசோல். 18 ரீபவுண்டு, அதில் 9 எதிராளி ரிங்குக்குக் கீழே எடுத்தது. இன்னும் அரை நிமிஷம்கூட இல்லை, 79-76. கோபி அடித்த ஷாட் தவறியது. பந்து செல்டிக்ஸ் கைக்குப் போனால் ஒரு த்ரீயில் சமன் ஆகிவிடும். காசோல் கூட்டத்துக்கு நடுவில் எகிறி அதைப் பிடித்து, மறுபடியும் கோபிக்கே கொடுத்தார். கோபியை ஃபவுல் செய்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்), 81-76. செல்டிக்ஸின் ராண்டோ உடனே ஒரு த்ரீ போட்டு 81-79 ஆக்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு ரீபவுண்டு இல்லையென்றால் அந்தக் கோப்பை இல்லை. கடைசியில் பெஞ்சிலிருந்து வந்த சாஷா வுயாசிச் கை நடுங்காமல் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு முடித்தார்.

சரி, கோபி? 24-க்கு 6 சிரிப்பாளர்கள் அடுத்த கட்டத்தைப் படிப்பதில்லை. அதே ஷீட்டில் அவர் பெயருக்கு நேராக 15 ரீபவுண்டு இருக்கிறது. கார்டு, அதாவது ரிங்கிலிருந்து தள்ளி நின்று ஆடுகிற ஒருவர். எதிரில் கெவின் கார்னெட், ஆறடி பதினொரு அங்குலம், ரீபவுண்டுக்கே பேர்போனவர், அன்றைக்கு எடுத்தது 3. ஷாட் விழவில்லை என்றதும் கோபி மூலையில் போய் நிற்கவில்லை, ரிங்குக்குக் கீழே போய் முட்டிக்கொண்டார், ஃபவுல் வாங்கினார், ஃப்ரீ த்ரோவில் 11 எடுத்தார். அவர் ஆடிய அழகான ஆட்டங்கள் நூறு இருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் எம்.வி.பி. அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது. காசோலுக்குப் போயிருக்க வேண்டியது. தொடர் முழுக்க கோபியின் சராசரி 28.6 பாயிண்ட் என்பது தெரியும். காசோல் 18.6 பாயிண்ட், 11.6 ரீபவுண்டு. தொடரையே ரீபவுண்டு முடிவு செய்தது என்றால், அதில் முதல் ஆளாக நின்றவருக்குத்தான் விருது. பாயிண்ட் அடித்தவனுக்கே மாலை போடுகிற பழக்கம் நம் ஊரில் மட்டுமா இருக்கிறது? 2023 மார்ச்சில் லேக்கர்ஸ் காசோலின் 16-ஆம் எண் ஜெர்ஸியை அரங்கத்தில் ஏற்றியது. பதின்மூன்று வருடம் கழித்து வந்த மரியாதை.

லேக்கர்ஸின் ரான் ஆர்டெஸ்டை விட்டுவிட்டால் பாவம். 2004-ல் டெட்ராய்ட் அரங்கத்தில் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து அடித்து, அந்த சீசனின் மிச்சம் முழுக்கத் தடை வாங்கிய மனிதர். ஏழாவது ஆட்டத்தில் 20 பாயிண்ட், எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்த 5 ஸ்டீல். கடைசி நிமிஷத்தில் கோபி பாஸ் கொடுக்க, அவர் போட்ட த்ரீதான் 79-73 ஆக்கியது. கோபி எனக்குப் பாஸ் கொடுத்தான் என்று பிரஸ் மீட்டில் குழந்தை மாதிரி கத்தினார். அதற்கு முன்னால், கோர்ட்டிலேயே, நேரலையில், தன் மனநல மருத்துவருக்கு நன்றி சொன்னார். 2010-ல் ஒரு ஆட்டக்காரர் அப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை. சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் அந்தச் சாம்பியன்ஷிப் மோதிரத்தையே குலுக்கலில் விட்டு, வந்த பணத்தை மனநலப் பணிகளுக்குக் கொடுத்தார்.

இப்போது பாஸ்டன் கட்சிக்காரர்களின் குற்றச்சாட்டு. லேக்கர்ஸுக்கு 37 ஃப்ரீ த்ரோ, செல்டிக்ஸுக்கு 17, ரெஃப்ரி விலைபோய்விட்டார். வித்தியாசம் பெரிதுதான், கடைசி குவார்ட்டரில் விசில் அடிக்கடி ஊதியதும் உண்மைதான், அதில் இரண்டு மூன்று எனக்கே நெருடியது. ஆனால் எதிராளி 23 தடவை உங்கள் ரிங்குக்கு இரண்டடி தூரத்தில் பந்தைப் பிடித்துத் திரும்ப எகிறினால், நீங்கள் கையை எங்கே வைப்பீர்கள்? அவன் கையில்தான்.

அவர்கள் அழ வேண்டிய விஷயம் வேறு. கெண்ட்ரிக் பெர்கின்ஸ். ஆறாவது ஆட்டத்தின் முதல் குவார்ட்டரில் ரீபவுண்டுக்கு எகிறி லேக்கர்ஸின் பைனமோடு மோதி விழுந்தார், முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதோடு அவருக்குத் தொடர் முடிந்தது. பாயிண்ட் பெரிதாக அடிக்க மாட்டார், முகத்தில் சிரிப்பே வராது, பாக்ஸ் அவுட் மட்டும் பாறை. அவர் விழுந்த ஆட்டத்தில் லேக்கர்ஸ் 89-67 என்று நசுக்கியது. அடுத்ததில் அவர் இடத்தில் 35 வயது ரஷீத் வாலஸ் இறங்கி, உயிரைக் கொடுத்து ஆடி, கடைசியில் ஃபவுலில் வெளியேறினார். ராண்டோ, ஆலன், பியர்ஸ், கார்னெட், பெர்கின்ஸ் என்ற அந்த ஐந்து பேர் முழுசாக இருந்து ஒரு ப்ளே ஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்று) தொடரைக்கூடத் தோற்றதில்லை என்று கோச் டாக் ரிவர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ரிவர்ஸ், பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஆட வந்தபோது, ஆளுக்கு நூறு டாலர் வசூல் செய்து 2,600 டாலரை விருந்தினர் அறையின் கூரைப் பலகைக்கு மேல் ஒளித்து வைத்தார். பணம் வேண்டுமென்றால் ஜூனில் ஃபைனல்ஸுக்கு இங்கே திரும்பி வாருங்கள் என்று ஏற்பாடு. அந்த சீசனில் பாஸ்டன் இருந்த இருப்புக்கு அதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வந்தார்கள், எடுத்தார்கள். இப்படிப்பட்ட டீமை எதிரி என்றாலும் எப்படி வெறுப்பது?

லேக்கர்ஸ்காரனாக இருந்தே சொல்கிறேன், பெர்கின்ஸ் ஏழாவது ஆட்டத்தில் நின்றிருந்தால் அந்த 23 பதினைந்தாகக் குறைந்திருக்கும், கோப்பை பாஸ்டனுக்குப் போயிருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் செல்டிக்ஸ் நிர்வாகம் 2011 பிப்ரவரியில் அவரை ஓக்லஹோமா சிட்டிக்குத் தள்ளிவிட்டு, பாயிண்ட் அடிக்கிற ஜெஃப் கிரீனை வாங்கியது. அந்த ஐந்து பேர் மறுபடியும் ஒன்றாக ஒரு ப்ளே ஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. பாஸ்டன் நண்பர்களே, கோபம் வந்தால் அந்த டிரேடைத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.