அறுந்த நூலும் அறுத்த நூலும்

சென்னிமலைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். என் மாணவர்களில் பலருக்கு வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தறி இருக்கிறது. போன ஆண்டு, ‘நேற்று மாலை’ என்று தலைப்புக் கொடுத்துப் பத்து வரி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவன் இரண்டே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்திருந்தான். “தறியில் நூல் அறுந்தது. அப்பா என்னைத் திட்டினார்.”

“நூல் தானா அறுந்ததுக்கு அப்பா உன்னை எதுக்குக் கண்ணு திட்டுனாரு?” என்று கேட்டேன்.

“நான் அறுத்துப்போட்டேன்னு நெனச்சுட்டாருங்கய்யா.”

“அதையும் எழுது.”

அவன் எழுதிய மூன்று வரிகளையும் கரும்பலகையில் எழுதி, ‘அறுந்தது’, ‘அறுத்தேன்’ என்ற இரண்டு சொற்களின் கீழும் கோடிட்டேன். இதுபோல வேறு இணைகள் தெரியுமா என்று கேட்டதுதான் தாமதம், வகுப்பு முழுவதும் கைகளை உயர்த்தியது. சாய்ந்தது, சாய்த்தான், அவிழ்ந்தது, அவிழ்த்தான், நனைந்தது, நனைத்தான், உடைந்தது, உடைத்தான். தானாக நடந்தால் ‘ந்’ வருகிறது, ஒருவர் செய்தால் ‘த்’ வருகிறது என்று ஒரு பெண் சொன்னாள். உருண்டது, உருட்டினான் என்பதில் ‘ந்’ இல்லையே என்றான் இன்னொருவன். அங்கும் மெல்லினம்தான் வல்லினமாகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “கதவு திறந்ததுங்க, கதவைத் திறந்தானுங்க, ரெண்டுலயும் ‘ந்’ தானுங்களே?” என்றான். நான் எதிர்பார்த்திராத கேள்வி அது. அப்படியானால் யாரும் தொடாமல் திறந்ததையும் ஒருவன் திறந்ததையும் எதை வைத்துப் பிரித்தறிகிறோம் என்று திருப்பிக் கேட்டேன். ‘கதவை’ என்பதில் இருக்கும் ‘ஐ’ என்றார்கள். அந்த ‘ஐ’க்குப் பின்னால் ஏன் ஒரு ‘த்’ வந்து நிற்கிறது என்ற கேள்வியோடு மணி அடித்தது. தன்வினை, பிறவினை, இரண்டாம் வேற்றுமை, வலி மிகுதல் என்ற பெயர்களை மறுநாள்தான் சொன்னேன்.

இலக்கணத்தை இந்த வரிசையில்தான் நடத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் ஒரு வரி, அடுத்து அந்த வரியில் ஒரு முடிச்சு, அது அவிழ்ந்த பிறகே அதற்குரிய பெயர். நாம் பெரும்பாலும் பெயரில் தொடங்கி, விளக்கத்தை எழுதிப்போட்டு, ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பதினான்கு வயதுப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் தம் கட்டுரையில் அந்த விதி எங்கே வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

‘இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பல்’ என்பது நன்னூலின் தொடர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊராக, எங்கள் பக்கத்துப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைச் சொல்வார்கள். மொழியில் முன்பே இருப்பதைக் கண்டபின்தான் இலக்கணம் சொல்லப்படுகிறது என்ற அந்தத் தெளிவை எங்கள் மண்ணின் ஆசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்க, எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் தலைகீழாக நடத்துவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வாசிக்கக் கொடுப்பது பெரிய இலக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொருள் முடியாமல் நிற்கும் வினைகளான எச்சங்களை நடத்தும்போது, வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறேன். திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம் என்று ஒரு பக்கம் முழுக்க ஓடுவது ஒரே வாக்கியம். இதில் வினைமுற்றைத் தேடுங்கள் என்றால், நடைபெற, சூழ, தந்து என்று ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்து, “இது முடியலைங்க” என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ‘அழைக்கிறோம்’ என்பதில் நிற்கிறார்கள். அடுத்து, தங்கள் ஊர்த் தேருக்கு நண்பர்களை அழைத்து ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். எச்சங்களை அடுக்கி அடுக்கி எழுதி, முற்றுப் போட மறந்துவிடுபவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் படித்துப் பார்த்து, யார் அழைக்கிறார்கள் என்று கேட்டுத் திருத்துகிறார்.

வீட்டுப் பேச்சைப் பிழை என்று சொல்வதை மட்டும் நான் அறவே நிறுத்திவிட்டேன். ‘மாடுகள் மேய்கிறது’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அது அறியாமையால் வந்ததன்று. ஒரு மாடானாலும் பத்து மாடானாலும் ‘மேயுது’ என்பது அந்த வீட்டுப் பேச்சின் ஒழுங்கு. ‘மேய்கின்றன’ என்பது எழுத்துத் தமிழின் ஒழுங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், பிள்ளைக்குக் கூச்சம் வராது, வேறுபாடும் மறக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு ஒற்றுப்பிழையையும் சிவப்பு மையால் வட்டமிடுவேன். மஞ்சள் வேகவைப்பதைப் பற்றி, கொப்பரையிலிருந்து எழும் ஆவியும் அதன் வாசமுமாக ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அவள் ஏட்டில் முப்பது வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. அவள் எழுத்தைக் குறைத்தது நான்தான். இப்போது ஓர் ஏட்டில் ஒரே வகைப் பிழையை மட்டும் பென்சிலால் குறிக்கிறேன். அந்த வாரம் முழுவதும் அது ஒன்றையே பார்க்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது, பாடத்தை முடிக்க வேண்டாமா, தேர்வு வருகிறதே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான், ஏடு திருத்துவதற்கே என் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுகின்றன. ஆனால் ஒரு சொல்லை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணத்துக்கு நான் முன்பு செலவிட்ட வாரங்கள் இப்போது தேவைப்படுவதில்லை. அறு + த்(ந்) + த் + அ + து என்று பலகையில் பிரித்து எழுதி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த ‘ந்’ எதற்கு என்று கேட்டேன். “அதில்லாட்டி நான்தான் அறுத்தேன்னு ஆயிருமுங்கய்யா” என்றான் அந்தப் பையன். இப்படி ஓர் எழுத்து இன்னொன்றாக மாறுவதற்குரிய விகாரம் என்ற சொல்லை அதன் பிறகு எழுதிப்போட்டேன்.