விவியனில் தொடங்குங்க

பாரிஸின் பழைய கண்ணாடிக்கூரை கடைவீதிகளில் நடக்க, வடக்கு முனையில் தொடங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கிருஷ்ணகிரியிலிருந்து போகிறவர்களுக்கு என் யோசனை, தெற்கே காலரி விவியன் என்ற கடைவீதியில் (1826) தொடங்குங்க. கிரானைட் வேலை தெரிந்த நம்ம ஊர்க்காரர்கள் முதலில் தரையைக் குனிந்து பார்க்கணும்: இத்தாலியக் கலைஞர் ஃபக்கினாவின் மொசைக், பொடிப்பொடிக் கல்துண்டுகள், வட்டங்களில்கூட வரிசை பிசகாது. அப்புறம் பனோரமா கடைவீதி. மோன்மார்த்ர் சாலையைக் கடந்தால் நேர் எதிரே ஜூஃப்ருவா கடைவீதி (1847), இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பியது. உள்ளே வழி திரும்புமிடத்தில் படிகள் உண்டு. சக்கர நாற்காலி என்றால் வெளியே சுற்றித்தான் வரணும். இன்னொரு தெரு தாண்டினால் வெர்தோ கடைவீதி. ஞாயிறு வேண்டவே வேண்டாம், பல கடைகள் பூட்டியிருக்கும். ராத்திரியில் வாசல் இரும்புக் கதவையே சாத்திவிடுவார்கள்.