கல்லூரியின் பெயரும் அதற்காகப் பட்ட கடனும்

பெயர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் செலவுக்கு அஞ்சி வேறொன்றில் சேர்ந்தவர்கள், நடுவயதிலும்கூட, "அங்கே படித்திருந்தால் என் நிலையே வேறாக இருந்திருக்கும்" என்று சொல்லக் கேட்கிறோம். கடன்பட்டு அந்தப் பெரிய கல்லூரியிலேயே படித்து முடித்தவர்களின் வருத்தமோ அவ்வளவாக வெளியே வருவதில்லை. எல்லோரும் மெச்சிய ஒன்றைக் குறைத்துப் பேச எவருக்கும் எளிதில் மனம் வராது. இந்த இரண்டாவது வருத்தமே கனமானது என்பது என் உறுதியான எண்ணம்.

செய்ததைவிடச் செய்யாமல் விட்டதையே மனிதர்கள் நெடுங்காலம் நினைத்து வருந்துகிறார்கள் என்று உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1994இல் எழுதினார்கள். போகாத கல்லூரியில் நாம் எந்தப் பாடத்திலும் தவறியதில்லை, எந்தத் தவணைக்கும் அலைந்ததில்லை. ஆகவே அந்த ஏக்கம் தேய்வதே இல்லை.

ஆனால் ஏக்கத்துக்கு ஆதாரம் எவ்வளவு? பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 1976இல் கல்லூரியில் சேர்ந்த அமெரிக்க மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஒரே தரத்துக் கல்லூரிகளில் அனுமதி பெற்றவர்களைத் தம்முள் ஒப்பிட்டார்கள். கடும் போட்டிக்குரிய கல்லூரியில் சேர்ந்தவர்களும், அனுமதி கிடைத்தும் அதை விட்டு வேறிடம் போனவர்களும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்தார்கள். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்கள் மட்டும் விலக்கு. அவர்களுக்குக் கல்லூரியின் தரம் உண்மையிலேயே கைகொடுத்தது. அத்தகைய பிள்ளைக்கு உதவித்தொகையோடு பெரிய கல்லூரி கிடைக்குமானால், தயங்காமல் போகச் சொல்வேன். கடனோடுதான் கிடைக்கும் என்றால் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்வேன்.

ஏனெனில் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டுவட்டியில், முதலாண்டில் வாங்கிய தொகை, எதுவும் கட்டாதிருந்தால், நான்காண்டுப் படிப்பு முடிகையில் 46 விழுக்காடு பெருத்துவிடும். என்னோடு பணிபுரிந்த பெண்ணொருவர் அந்தச் சுமையோடுதான் பட்டம் பெற்று வந்தார். அவர் விரும்பிய துறையிலேயே ஓர் ஆய்வகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர அழைப்பு வந்தது. அழைப்புக் கடிதத்தின் பின்புறத்தில் வாடகை, சாப்பாடு, தவணை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்த்தவர், மறுவாரமே துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத விற்பனை வேலையில் சேர்ந்தார். எந்தத் துறைக்காக அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்தத் துறைக்குள் நுழைய அதே கல்லூரிக்காக வாங்கிய கடன் விடவில்லை.

இந்தக் கணக்கைப் பட்டம் வாங்கிய பிறகு அவர் தனியாகப் போட நேர்ந்ததுதான் என்னை வாட்டுகிறது. கல்லூரியில் சேருமுன்பே, பெற்றோரும் உடன் உட்கார்ந்து, அந்தத் துறையில் முதல் வேலையின் நடுத்தரச் சம்பளம் என்ன, அதில் தவணை போக மிஞ்சுவது என்ன என்று கேட்டிருக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் உச்சச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அது அந்த ஆண்டில் யாரோ ஒருவருக்குக் கிடைத்தது.