பள்ளிக்கூடம் சொல்லும் பதிலைப் பார்த்து முடிவெடுங்கள்

மகளைப் பள்ளி மாற்றிச் சேர்த்த விஷயம் தெரிந்ததிலிருந்து, "எந்தப் பள்ளி? எப்படி இருக்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். பெயரைச் சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. எங்கள் பிள்ளைக்கு ஒத்துவந்தது உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராமல் போகலாம். ஆனால் மாற்றலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதில் எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு ஒரு பிரச்சினை வந்துவிட்டது என்பதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பிரச்சினையை நாம் போய்ச் சொன்ன பிறகு பள்ளி என்ன செய்தது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். எப்போதும் சிடுசிடுக்கும் ஒரு ஆசிரியர், கை நீட்டும் ஒரு பையன், ஆளைச் சேர்த்துக்கொள்ளாத ஒரு கூட்டம் எல்லாம் எந்தப் பள்ளியிலும் இருக்கும். இதற்கெல்லாம் கிளம்பினால் ஆண்டுக்கு ஒரு பள்ளிதான்.

எங்கள் கதை இதுதான். மகளுக்குக் காலையில் வயிற்றுவலி வரும். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். நடிக்கிறாள், செல்லம் அதிகம் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. என் மனைவி மட்டும் யாரோடும் வாதாடாமல் வலி வந்த நாள்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தார். பார்த்தால், எல்லாமே கணக்கு முதல் பீரியடாக வரும் நாள்கள். இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார். காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் அப்படியே நிரம்பி வீடு திரும்புகிறது. கழிப்பறைக்குப் போகக் கேட்டால் கணக்கு வகுப்பில் திட்டு விழுமாம். அதனால் தண்ணீரே குடிப்பதில்லையாம், நாள் முழுக்க! இதெல்லாம் நாங்கள் துருவிக் கேட்ட பிறகுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

சரி, ஒரு ஆசிரியர்தானே, பேசிப் பார்க்கலாம் என்று போனோம். வகுப்பாசிரியர் பொறுமையாகக் கேட்டார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். மேலே போனால், "மத்த பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க? வீட்டுல கொஞ்சம் தைரியம் சொல்லி அனுப்புங்க" என்று பதில். செக்‌ஷன் மாற்றித் தரக் கேட்டோம். "உங்களுக்குச் செஞ்சா எல்லாரும் வந்து நிப்பாங்க." அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் அதே கணக்கு வகுப்பில், "வீட்டுல போய்ப் போட்டுக் கொடுக்கிறியா?" என்று எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். புகார் சொன்னதற்கு விலையைப் பிள்ளை கொடுக்க வேண்டியிருந்தால் அடுத்த முறை அவள் எங்களிடமே சொல்ல மாட்டாள்.

இதற்கு நேர்மாறாக என் நண்பர் வீட்டில் நடந்தது. அவர் மகனை வகுப்பில் சிலர் விடாமல் சீண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பள்ளியைவிட்டு எடுத்துவிடும் முடிவோடுதான் போனார். பள்ளி, பையனின் இடத்தை மாற்றியது, இடைவேளையில் ஒரு ஆசிரியரை அங்கே நிறுத்தியது, சில நாள் கழித்துத் தானாகவே போன் செய்து "இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டது. பையன் இன்றும் அங்கேதான் படிக்கிறான். பிரச்சினையின் அளவைப் பார்த்தால் அவனுடையதுதான் பெரிது.

சீண்டல் என்றதும் ஒரு விஷயம். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் இதைப் பற்றி 1970-களிலேயே ஆராயத் தொடங்கியவர். வெறும் சண்டையிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஆளிடம் செய்வது. "பிள்ளைங்கன்னா அடிச்சுக்கத்தான் செய்யும்" என்று பள்ளி சொன்னால் இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தி, பள்ளியும் கைவிரித்தால், ஆண்டுக் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லாதீர்கள். நடு ஆண்டிலேயே எடுத்துவிடலாம்.

மற்ற காரணங்களுக்கு நான் இவ்வளவு அவசரப்பட மாட்டேன். மாற்றம் என்பது சும்மா கிடைப்பதில்லை. ஜான் ஹாட்டி என்ற கல்வி ஆய்வாளர் 2009-இல், பிள்ளைகளின் கற்றலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் 138 காரணிகளை, அதிகம் உதவுவதை முதலில் வைத்து வரிசைப்படுத்தினார். பள்ளி விட்டுப் பள்ளி மாறுவது அதில் கடைசி இடம். பலன் இல்லை என்பது மட்டுமில்லை, பின்னுக்கு இழுக்கிறது என்று கணக்கு. பள்ளி மாறும் பிள்ளைகளில் பலர் வேலை இழப்பு, பிரிவு, வீடு மாற்றம் என்று ஏற்கெனவே கலங்கிய குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் இழப்பு நிஜம். இங்கே பின்னம் பாதியில் நிற்கும்போது அங்கே தசமத்துக்குப் போயிருப்பார்கள். நடுவில் விழுந்த ஓட்டையை யாரும் கவனிக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டு சதவீதம் வரும்போதுதான் தெரியும். ஹாட்டி சொல்லும் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: முதல் மாதத்துக்குள் பிள்ளைக்கு ஒரு நண்பர் கிடைக்கிறாரா என்பது பெரிய விஷயம். டியூஷன் ஏற்பாடு செய்வதற்கு முன்னால் வகுப்புத் தோழி யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

மார்க் குறைகிறது என்று மாற்றுகிறவர்கள் முதலில் கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை எந்தப் பள்ளியிலும் பின்தங்கத்தான் செய்யும். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் திணறுகிற பிள்ளையும் அப்படித்தான். அந்தத் திணறல் கூடவே வரும். பெயர் பெற்ற பள்ளி, தொண்ணூறு சதவீத ரிசல்ட் என்று தூரத்துப் பள்ளியில் சேர்ப்பவர்களிடம் ஒரு கணக்குதான் கேட்பேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம். அது அவ்வளவும் பிள்ளை தூங்குகிற, விளையாடுகிற நேரத்திலிருந்துதான் போகும்.

புதுப் பள்ளியைப் பார்க்கப் போனால் ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நான் கழிப்பறையைக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார்கள், ஆனாலும் காட்டினார்கள். இடைவேளையில் வராந்தாவில் சும்மா நின்றேன். ஓடிவந்து இடித்த ஒரு பொடியனை ஆயாம்மா எப்படிப் பேசி அனுப்பினார் என்று பார்த்ததில் கிடைத்த தகவல் எந்த பிராஸ்பெக்டஸிலும் இல்லை. அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: "போன வருஷம் பெற்றோர் கொண்டுவந்த புகார் ஒன்றையும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்ல முடியுமா?" ஒரு பள்ளியில் "எங்களிடம் புகாரே வராது" என்றார்கள். அங்கிருந்து கிளம்பிவிட்டோம்.

பிள்ளையைக் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும். ஆனால் "மாறலாமா?" என்று கேட்டு முடிவை அதன் தலையில் கட்டாதீர்கள். இன்றைக்குத் தோழியோடு சண்டை என்றால் சரி என்பாள், நாளைக்குச் சமாதானம் ஆகிவிட்டால் மாட்டேன் என்பாள். எதை விட்டுப் போகக் கஷ்டமாக இருக்கும் என்று கேளுங்கள். என் மகள் சொன்னது ஒரு தோழியின் பெயரும் நூலகப் பீரியடும். அந்தத் தோழி இப்போதும் வீட்டுக்கு வருகிறாள்.

"இதுக்கெல்லாம் மாத்தினா நாளைக்கு வேலையில எப்படித் தாக்குப்பிடிப்பா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். வேலை பிடிக்கவில்லை என்றால் நாம் மாறுகிறோமே. அதுவும் மேலதிகாரியிடம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டா வேலை பார்க்கிறோம்?

புதுப் பள்ளியிலும் புகார் இல்லாமல் இல்லை. பி.டி. பீரியடை அடிக்கடி அறிவியலுக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.