டான்வர்ஸ் கட்டடத்தில்தான் லோபோடமி பிறந்ததா?

செங்கல் கோபுரம், கூரான முகப்புகள், இருபுறமும் வௌவால் சிறகு போல விரியும் கட்டடம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த டான்வர்ஸ் மனநல மருத்துவமனையின் இந்தப் படத்தைச் சட்டம் போட்டு விற்கிறார்கள். "மூளையை வெட்டும் லோபோடமி பிறந்த இடம், நோயாளி தப்பிக்காமலிருக்கவே இப்படிக் கட்டினார்கள்" என்ற குறிப்பும் அதோடு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்த அறுவை சிகிச்சையை முதலில் செய்வித்தவர் போர்ச்சுகல் மருத்துவர் ஏகாஸ் மோனிஸ். இடம் லிஸ்பன், ஆண்டு 1935. அமெரிக்காவில் 1936இல் மருத்துவர்கள் ஃப்ரீமனும் வாட்ஸும் அதைத் தொடங்கியது வாஷிங்டனில். டான்வர்ஸ் திறக்கப்பட்டதோ 1878இல்!

சரி, அந்தச் சிறகு வடிவம்? அது பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடின் யோசனை. ஒவ்வொரு வார்டையும் முந்தைய வார்டைவிடச் சற்றுப் பின்தள்ளிக் கட்டினால் எல்லா வார்டுக்கும் வெயிலும் காற்றும் வரும். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரியாது, தோட்டம் தெரியும். நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக வந்த திட்டம் இது. படத்தைப் பார்த்தாலே படிக்கட்டு போலப் பின்வாங்கும் அந்த அமைப்பு கண்ணில் படும்.

அங்கே துயரமே இல்லை என்று சொல்லவில்லை. சில நூறு பேருக்காகக் கட்டிய இடத்தில் பின்னாளில் 2,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டார்கள். என்னைக் கேட்டால், படத்தின் கீழே எழுத வேண்டியது அந்த நெரிசலைத்தான். மருத்துவமனை 1992இல் மூடப்பட்டது. 2006இல் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள்; முகப்பை மட்டும் விட்டுவைத்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள்.