கடலூரில் போட்டியிட கடலூரில்தான் ஓட்டு இருக்க வேண்டுமா?

"கடலூர் சட்டமன்றத் தொகுதியில் நிற்க அந்தத் தொகுதி வாக்காளராக இருக்கணும், டெபாசிட் 25,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் இரண்டுமே தவறு.

தமிழ்நாட்டின் எந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் இருந்தாலும் போதும். வயது 25 நிறைந்திருக்க வேண்டும். பண்ருட்டி வாக்காளர் கடலூரில் தாராளமாக நிற்கலாம். பக்கத்திலேயே இருந்தாலும் பாகூர் வாக்காளர் நிற்க முடியாது, அது புதுச்சேரிப் பட்டியல். வெளித்தொகுதிக்காரர் தம் பெயருள்ள பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகலைக் கொடுக்க வேண்டும்.

குழப்பம் முன்மொழிபவர்களால், அதாவது வேட்பாளரை முன்மொழிந்து மனுவில் கையெழுத்திடுபவர்களால், வந்திருக்கலாம். அவர்கள்தான் கடலூர் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். பத்தில் ஒருவர் வேறு தொகுதி என்றால் மனு தள்ளுபடிதான். பாகம் எண், வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்து வாங்குங்கள்.

25,000 ரூபாய் மக்களவைக்கு. சட்டமன்றத்துக்கு 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000, அவர்கள் பொதுத் தொகுதியில் நின்றாலும் அதுவே. காசோலை செல்லாது. நான்கு மனு வரை தரலாம், டெபாசிட் ஒன்றே.

செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் பணம் திரும்பும்: 1,80,000-க்கு 30,001. சரியாக 30,000 வாங்கினால் போச்சு! நோட்டா இந்தக் கணக்கில் சேராது.